ராயபுரம் பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டுக்கு எந்த மாதிரி மர கப்போர்டு பொருந்தும்?

கேள்வி – முத்தம்_வீடு (ராயபுரம்)

வணக்கம். காசிமேடு துறைமுகத்துலேர்ந்து நடக்கிற தூரத்துல வீடு. தரைத்தளமும் ஒரு மாடியும். மெட்ராஸ் டெரஸ் கூரை (தேக்குக் கட்டை மேல செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையில பதிச்சது), தேக்கு உத்தரம், 14 இன்ச் சுண்ணாம்புச் சுவர், ரெட் ஆக்சைடு தரை. கதவெல்லாம் பேனல் வச்ச ரெட்டைக் கதவு, மேல பச்சை எனாமல் பெயிண்ட் கோட்டு மேல கோட்டா இருக்கு.

செய்ய வேண்டியது ரெண்டு. தரைத்தளச் சமையலறையில 11 அடி மேடைக்குக் கீழ கப்போர்டு. மாடி படுக்கையறையில 6 அடி அகலம், 7 அடி உயரத்துல துணி அலமாரி.

இன்டீரியர்காரர் எம்.டி.எஃப்ல (மரநாரை அழுத்திச் செஞ்ச பலகை) வெள்ளை அக்ரிலிக் ஷட்டர் (கப்போர்டு கதவு) போடலாம்னு சொல்றார். ஆசாரி எல்லாமே தேக்குலதான் செய்யணும்னு நிக்கிறார். முதலாவது இந்த வீட்டுக்கு ஒட்டாதுன்னு தோணுது, ரெண்டாவது கட்டுப்படியாகாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல தரைத்தளத்துல ஒரு அடி தண்ணி நின்னுச்சு. அதையும் கணக்குல வச்சுச் சொல்லுங்க. நடுவுல ஒரு வழி இருக்கா?

பதில் 1 – இழைப்புளி (தண்டையார்பேட்டை)

இருக்குங்க. கண்ணுக்குத் தெரியறதும் கைபடறதும் மட்டும் தேக்கு. உள்ள தாங்கறது வேற பொருள். எம்.டி.எஃப் உங்க தரைத்தளத்துக்கு வேணவே வேணாம். ஒரு தடவை தண்ணி குடிச்சா ஊதிடும், காஞ்சாலும் பழைய அளவுக்குத் திரும்பாது, ஸ்க்ரூவும் பிடிக்காது.

டிசைனை உங்க வீட்டுக் கதவுலேர்ந்தே எடுங்க. பேனலைச் சுத்தி ஓடற பீடிங் (வளைவு இழைச்ச மர விளிம்பு) மேல விரலை ஓட்டிப் பாருங்க. பெரும்பாலும் ஒரு கால்வட்டம், அதுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு படி இருக்கும். அந்த வளைவைத் துல்லியமா எடுக்க சப்பாத்தி மாவே போதும். கெட்டியா பிசைஞ்சு, கதவுல லேசா எண்ணெய் தடவி, அழுத்தி எடுத்து, குறுக்கால கத்தியால வெட்டினா வளைவு அப்படியே தெரியும். அதைப் பேப்பர்ல வரைஞ்சு மோல்டிங் மில்லுல கொடுத்தா கட்டரை அதுக்குத் தீட்டிக் கொடுப்பாங்க. கதவுல இருக்கிற அதே அளவுல வேணாம், பாதிக்குக் கொஞ்சம் மேல இருந்தா கப்போர்டுக்குச் சரியா இருக்கும்.

அடுத்தது விகிதம். பழைய கதவுல பக்கச் சட்டம் 4 இன்ச் இருந்தா கப்போர்டு ஷட்டருக்கு இரண்டரை இன்ச். கீழ்ச் சட்டம் எப்பவும் மேல்ச் சட்டத்தை விட அகலமா இருக்கும், கவனிச்சுப் பாருங்க. கப்போர்டுலயும் அரை இன்ச்சாவது கூட வைங்க. ஷட்டர் உயரமா, ஒடுக்கமா இருக்கணும். 16 இன்ச்சுக்கு மேல அகலம் போனா பழைய வீட்டுல அந்நியமா நிக்கும். இதெல்லாத்தையும் விட முக்கியமானது ஒண்ணு: ஷட்டர் சட்டத்துக்குள்ள உட்காரணும். மாடுலர்ல வர்ற மாதிரி சட்டத்தை மூடிக்கிட்டு வெளிய நிக்கக் கூடாது. உங்க வீட்டுக் கதவு நிலைக்குள்ள உட்காருது, கப்போர்டும் அப்படி உட்கார்ந்தாதான் ஒரே வீட்டுப் பொருளாத் தெரியும்.

சமையலறைக்குக் கடப்பா கல்லுதான் என் முடிவு. பிளைவுட் பாக்ஸே வேணாம். செங்குத்துப் பலகையும் தட்டும் கடப்பா, முன்னாடி தேக்குச் சட்டமும் ஷட்டரும். கணக்கு இப்படி வரும். 11 அடின்னா 132 இன்ச். 2 இன்ச் அகலத்துல அஞ்சு செங்குத்துச் சட்டத்துக்கு 10 இன்ச் போனா மீதி 122. நாலு அறை, ஒவ்வொண்ணும் 30.5 இன்ச், அறைக்கு ரெண்டு ஷட்டர், மொத்தம் 8. மேடை உயரம் 34 இன்ச்னு வைங்க. மேல கல்லுக்கு 2, மேல்ச் சட்டத்துக்கு ஒன்றரை போகும். அடித் தட்டோட மேல்மட்டத்தைத் தரையிலேர்ந்து 6 இன்ச் உயர்த்தி வைங்க. ஷட்டர் 15க்கு 24 இன்ச் வரும். மரச் சட்டம் அந்த அடித் தட்டு மேலதான் நிக்கணும், தரையைத் தொடக் கூடாது. தண்ணி வந்தாலும் கரையான் வந்தாலும் முதல்ல கல்லைத்தான் தொடும்.

மரம் கன அடியில வாங்குவீங்க. நீளம் அடியில, அகலமும் கனமும் இன்ச்ல, பெருக்கி 144ஆல வகுங்க. 7 அடி நீளம், 6 இன்ச் அகலம், ஒன்றேகால் இன்ச் கனப் பலகைன்னா 0.36 கன அடி. ஒன்றேகால் இன்ச்ல அறுத்து வாங்கினா இழைச்சு முடிக்கும்போது 1 இன்ச் நிக்கும். 8 ஷட்டருக்கு, பேனலும் தேக்குன்னா, கழிவெல்லாம் சேர்த்து 3 கன அடி கிட்ட ஆகும். சட்டத்துக்கு இன்னும் முக்கால் கன அடி. பேனலுக்கு மட்டும் தேக்கு வெனீர் (மெல்லிசா சீவின மரத் தாள்) ஒட்டின பிளை போட்டா ஷட்டர் 2 கன அடிக்குள்ள முடியும். ஆசாரி சொல்ற ‘எல்லாமே தேக்கு’க்கும் இதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க.

வால்டாக்ஸ் ரோட்டு மரக்கடையில போய்ப் பலகை எடுக்கும்போது ஈரம் அளக்கிற மீட்டரைக் கையில கொண்டு போங்க. 12 சதவீதம் கிட்ட இருந்தா எடுங்க. 18, 20 காட்டினா எவ்வளவு அழகான ரேகையா இருந்தாலும் விட்டுடுங்க, வீட்டுக்கு வந்து முறுக்கிக்கும். ஓரத்துல வெளுத்த பட்டை இருக்கிற பலகையும் வேணாம். அந்த வெள்ளை மரத்துலதான் வண்டு துளைச்சு மாவு கொட்டும்.

பேனல் விஷயத்துல ஆசாரியோட பக்கத்துலயே நில்லுங்க. சட்டத்துல காடி (பேனல் நுழையற பள்ளம்) 10 மில்லிமீட்டர் ஆழம், பேனல் அதுக்குள்ள 7 மில்லி மட்டும் போகணும், ஒவ்வொரு பக்கமும் 3 மில்லி சும்மா கிடக்கணும். காடிக்குள்ள ஃபெவிகால் போகவே கூடாது. மேல நடுவுல ஒரு பின், கீழ நடுவுல ஒரு பின், அவ்வளவுதான். மரம் ரேகைக்குக் குறுக்கால ஐப்பசி கார்த்திகையில விரியும், சித்திரை வைகாசியில சுருங்கும். இந்த அகலத்துக்கு 2 மில்லி சாதாரணமா ஆடும். நாலு பக்கமும் பசை போட்டு இறுக்கிட்டா வெயில் காலத்துல பேனல் நடுவுல டப்புனு பிளக்கும். அப்புறம் ‘மரம் மட்டம்’னு கடைக்காரனைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல.

பதில் 2 – சுண்ணாம்புக்காரை (பெரம்பூர்)

மேலே சொன்னது அத்தனையும் சரி. சுவரையும் கூரையையும் பற்றிச் சில செய்திகள் சேர்க்கிறேன். இவ்வகை வீடுகளில் பெரும்பாலான கப்போர்டுகள் கெடுவதற்குக் காரணம் மரம் அல்ல, அதன் பின்னால் இருக்கும் சுவர்.

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். அதன்மேல் அலமாரியை ஒட்ட வைத்து அடைத்தால் ஓதம் மரத்துக்குள் போகும். வேலை தொடங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். ஓர் அடிச் சதுரப் பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப்பால் அடைத்து, இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கத்தில் நீர் முத்துகள் இருந்தால் ஓதம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கத்தில் இருந்தால் காற்றின் ஈரம் மட்டும்தான். தரையிலிருந்து ஒரு அடி, மூன்று அடி, ஐந்து அடி என மூன்று உயரங்களில் ஒட்டிப் பாருங்கள், ஓதம் எதுவரை ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். உப்புப் பூத்து உதிர்கிறது என்பதற்காகச் சிமெண்ட் பூசிவிடாதீர்கள். ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறும். உதிர்ந்த இடத்தைச் சுரண்டி மீண்டும் சுண்ணாம்புக் காரையே பூசுங்கள்.

மாடி அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு இன்ச் தள்ளி நிறுத்துங்கள். கீழே 4 இன்ச் கால், முன்புற ஸ்கர்ட்டிங் (காலை மறைக்கும் அடிப்பட்டி) கழற்றக்கூடியதாக, மேலே திறந்த இடைவெளி. கீழிருந்து காற்று ஏறி மேலே போகும். கரையான் மண்கோடு வந்திருக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை டார்ச் அடித்துப் பார்க்கவும் முடியும்.

கூரையைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். அலமாரிக்கு மேல் பரண் அடைத்துக் கூரை வரை கொண்டு போகாதீர்கள். மெட்ராஸ் டெரஸில் தேக்குக் கட்டைகளின் நுனி சுவருக்குள் புகும் இடம்தான் முதலில் மட்கும். மேலே மொட்டை மாடியில் சிறு வெடிப்பு விட்டாலும் நீர் அங்கேதான் வந்து சேரும். அந்த நுனிகள் எப்போதும் கண்ணில் பட வேண்டும். உங்கள் 7 அடி உயரத்தோடு நிறுத்துங்கள். அந்தக் கூரை தெரிவதுதான் அறையின் அழகும்கூட.

சமையலறையில் மேல் கப்போர்டைச் சுவரில் தொங்கவிடவும் நான் சம்மதிக்க மாட்டேன். 19 மில்லி பிளை ஒரு முழுத் தாளே சுமார் 35 கிலோ. அதில் பாத்திரமும் சேர்ந்தால் சுண்ணாம்புக் காரையில் அடித்த பிளக் நாளாவட்டத்தில் தளர்ந்து விழும். மாடம் இருந்தால் அதற்கே ஒரு சட்டமும் கண்ணாடிக் கதவும் போடுங்கள், பித்தளைப் பாத்திரம் அடுக்கலாம். கீழ்ச் சட்டங்களைப் பிடிக்க நீளமான 10 மில்லி ஃபிரேம் ஆங்கர் வாங்கி, காரை இடுக்கில் அல்லாமல் செங்கல்லின் நடுவில் துளையிடுங்கள். துளைத்தூள் சிவப்பாக வந்தால் செங்கல், வெளுப்பாக வந்தால் காரை.

பதில் 3 – முத்தம்_வீடு

ரொம்ப நன்றி. பாலிதீன் ஒட்டிப் பார்த்துட்டுச் சொல்றேன். மூணு சந்தேகம். மாடி அலமாரி உள் பாக்ஸுக்கு எந்தப் பிளை? கடல் காத்துக்குக் கீல் எது நிக்கும்? கதவுல இருக்கிற பச்சையைச் சுரண்டித் தேக்கை வெளிய கொண்டு வந்துட்டு, அதே நிறத்துல கப்போர்டுக்கும் பாலிஷ் போடலாமா?

பதில் 4 – இழைப்புளி

பிளை: ஐ.எஸ். 710 (மரைன் பிளைக்கான இந்தியத் தர எண்) முத்திரை இருக்கறது. பக்கமும் தட்டும் 18 அல்லது 19 மில்லி, பின்பலகை 6 மில்லி. தாள் ஒவ்வொண்ணுலயும் ஐ.எஸ்.ஐ. குறிக்குக் கீழ சி.எம்./எல்.னு லைசென்ஸ் நம்பர் இருக்கும், பி.ஐ.எஸ். கேர் செயலியில அடிச்சா எந்தக் கம்பெனி, எந்தப் பொருளுக்குன்னு வந்துடும். ‘மரைன் பிளை’ன்னு வெறுமனே அச்சடிச்சதை நம்பாதீங்க. சந்தேகம்னா 3 இன்ச் துண்டு ஒண்ணு வெட்டி எட்டு மணி நேரம் கொதிக்கிற தண்ணியில போடுங்க. 710 தரத்துக்கு 72 மணி நேரம் கொதிச்சாலும் பிரியக் கூடாதுன்னு விதி. எட்டு மணி நேரத்துலயே ஓரம் விரிஞ்சா அது சாதாரணப் பசை. பிளை வெட்டின ஓரம் எல்லாத்துக்கும் தேக்குப் பட்டி ஒட்டுங்க, டேப் வேணாம். துணித் தட்டு 3 அடிக்கு மேல தாங்கலில்லாம ஓடக் கூடாது, தொங்கும். 6 அடியை மூணாப் பிரிச்சா ரெட்டை ஷட்டரா மூணு ஜோடி, ஒவ்வொண்ணும் ஒரு அடி அகலத்துக்குக் கொஞ்சம் கம்மியா வரும். பழைய கதவுக்கு அதுதான் பொருத்தம். பூட்டு நடு ஜோடிக்கு மட்டும் போதும். ஹேங்கர் மாட்டற பகுதிக்கு உள் ஆழம் 22 இன்ச்சுக்குக் குறையக் கூடாது, குறைஞ்சா சட்டைக் கை ஷட்டர்ல மாட்டும்.

கீல்: உங்க இடத்துல நிக்கல் முலாம் பூசினது வேணாம். ஸ்க்ரூ தலையிலதான் முதல்ல துரு பிடிக்கும், அப்புறம் கிண்ணம் (மாடுலர் கீல்ல ஷட்டருக்குள்ள பதியற பகுதி). சட்டத்துக்குள்ள உட்கார்ற ஷட்டருக்கு 3 இன்ச் பித்தளைக் கீல்தான் அழகு. கறுக்கும், ஆனா துருப்பிடிக்காது. பித்தளைக்கு மேல லேக்கர் பூசினதை வாங்காதீங்க, உப்புக் காத்துல புள்ளி புள்ளியா உரியும். பித்தளைக் கீலுக்குப் பித்தளை ஸ்க்ரூவே போடுங்க. இரும்பு ஸ்க்ரூ போட்டா தேக்குல கறுப்புக் கறை இறங்கும். முதல்ல அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஒரு தடவை ஏத்திக் கழட்டி, துளையில மெழுகு தடவி, அப்புறம் பித்தளையை ஏத்துங்க. நேரா ஏத்தினா தலை முறிஞ்சு உள்ள நின்னுடும்.

24 இன்ச் ஷட்டருக்கு ரெண்டு கீல், மாடி ஷட்டருக்கு நாலு. சமையலறைக்கு மட்டும் நடு ஆணியை உருவுற மாதிரி கீல் கேட்டு வாங்குங்க. புயல் எச்சரிக்கை வந்தா ஆணியை உருவி எட்டு ஷட்டரையும் மாடிக்கு ஏத்திடலாம், பத்து நிமிஷ வேலை. சட்டம் நின்ன இடத்துலயே நனையும், தேக்கு அதைத் தாங்கும். ஆனா செங்குத்துச் சட்டத்தோட அடி வெட்டுமுகத்துல சீலரை மூணு தடவை ஊறவிட்டுட்டு நிறுத்துங்க. மரம் தண்ணியை அந்த வழியாத்தான் அதிகமாக் குடிக்கும்.

ஷட்டருக்கும் சட்டத்துக்கும் நடுவுல இடைவெளி, மே மாசம் மாட்டினா 3 மில்லி, நவம்பர்ல மாட்டினா 2 மில்லி. மழையில ஊதின மரத்துக்கு 3 விட்டா வெயில்ல அசிங்கமாத் தெரியும். வெயில்ல 2 விட்டா மழையில திறக்க வராது.

சிலிண்டர் வைக்கிற அறையில அடித் தட்டே போடாதீங்க, தரையில நிக்கட்டும். 14.2 கிலோ சிலிண்டர் குறுக்கால 32 சென்டிமீட்டர் கிட்ட இருக்கும், ரெண்டு ஷட்டரையும் திறந்தா தாராளமா நுழையும். ஷட்டருக்குக் கீழ இருக்கிற 6 இன்ச்சை அங்க அடைக்காதீங்க. கேஸ் காத்தை விடக் கனம், கசிஞ்சா கீழதான் இறங்கும்.

பதில் 5 – ஷெல்லாக் (பழைய வண்ணாரப்பேட்டை)

பச்சைப் பெயிண்டைப் பத்தி அவசரப்பட வேண்டாம். இந்தியாவுல வீட்டுப் பெயிண்ட்ல ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல இருக்கக் கூடாதுங்கிற விதி 2017 நவம்பர்லதான் அமலுக்கு வந்தது. அதுக்கு முந்தின எனாமல்ல, அதுவும் இவ்வளவு பழைய வீட்டுல, ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உலர்ந்த சேண்ட் பேப்பர், கிரைண்டர், நெருப்பு கன் எதுவும் கூடாது. தூசியும் புகையும் குழந்தைங்களுக்கு நேரடி விஷம். எடுத்தே ஆகணும்னா கெமிக்கல் ரிமூவர் தடவி, ஈரமாவே சுரண்டி, சுரண்டினதை நியூஸ் பேப்பரோட மூட்டை கட்டி ஒதுக்குங்க. குழந்தைங்களும் கர்ப்பிணியும் அன்னைக்கு வீட்டுல இருக்க வேண்டாம்.

ஆனா எடுக்கணுமான்னு யோசிங்க. பச்சைக் கதவு, சிவப்புத் தரை, வெள்ளைச் சுவர்: நிறம் ஏற்கெனவே பொருந்தி நிக்குது. அதே பச்சையில கப்போர்டு ஷட்டரையும் பெயிண்ட் அடிச்சா கச்சிதமா சேரும், தேக்கும் தேவைப்படாது. நல்லா சீசன் ஆன வேப்ப மரத்துலயோ பூவரசுலயோ சட்டம் போட்டா போதும், பேனல் 9 மில்லி பிளை. செலவு நல்லாவே இறங்கும். இழைப்புளி சொன்ன விகிதமும் பீடிங்கும் அப்படியே இருக்கட்டும், அதுதான் வீட்டோட முகம். என் ஓட்டு சமையலறைக்குப் பெயிண்ட், மாடிக்குத் தேக்கு பாலிஷ்.

பாலிஷ்னா புதுத் தேக்கு இப்போ மஞ்சளாத் தெரியும். வெளிச்சம் பட்டு ஒரு வருஷத்துல பழுப்பேறும். பழைய உத்தரத்தோட நிறத்துக்கு இன்னைக்கே ஸ்டெயின் போட்டு இழுத்தா, ஒரு வருஷம் கழிச்சு அதை விடக் கறுத்துப் போயிருக்கும். ரெண்டு படி குறைவா நிறுத்துங்க. சிவப்புத் தரைக்குப் பக்கத்துல செம்மஞ்சள் ஸ்டெயின் கண்ணை உறுத்தும், பழுப்பு பக்கமே இருங்க. மாதிரித் துண்டை அந்த அறையிலயே, தரை மேல வச்சு, பகல்ல ஒரு தடவை, ராத்திரி விளக்குல ஒரு தடவை பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

தேக்குல எண்ணெய் உண்டு. பூசறதுக்குச் சற்று முன்னாடி தின்னர்ல துடைச்சுடுங்க, இல்லன்னா படலம் ஒட்டாது. மாடி அலமாரிக்கு பிரெஞ்ச் பாலிஷ் (அரக்குப் பாலிஷ்) அருமை, கீறல் விழுந்தா அந்த இடத்தை மட்டும் சரி பண்ணிக்கலாம். சமையலறைக்கு அது ஆகாது, சூடும் ஈரமும் பட்டா வெள்ளையா பூக்கும். அங்க மேட் பி.யூ. (பளபளக்காத பாலியூரித்தேன்), ரெண்டு கோட் சீலர், நடுவுல 320 நம்பர் தாள், மேல ரெண்டு கோட். பளபளப்பு வேண்டாம், தாளிப்பு எண்ணெய் படிஞ்சது ஒவ்வொண்ணும் தெரியும். ஷட்டரோட உள் பக்கத்துக்கும் அதே கோட் எண்ணிக்கை அடிக்கணும். முன்பக்கம் மட்டும் அடிச்சா ஒரு பக்கம் ஈரம் ஏறி, ஒரு பக்கம் ஏறாம, ஷட்டர் வளையும்.

அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் பாலிஷ் வேலை வைக்காதீங்க. காத்துல ஈரம் இருந்தா படலம் பால் மாதிரி வெளுக்கும்.

பதில் 6 – பலகை_எண்_7 (கொளத்தூர்)

ஒரு கேள்வி. 2 பி.எச்.கே. அபார்ட்மென்ட், வெள்ளை வெட்ரிஃபைடு டைல்ஸ். இதே பேனல் ஷட்டர் ஒத்து வருமா? உள்ள முழுக்க டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) போடச் சொல்றாங்க, சரியா?

பதில் 7 – இழைப்புளி

பேனல் ஷட்டர் வேணாங்க. உங்க வீட்டுக் கதவு ஃபிளஷ் டோர், தட்டையானது. கப்போர்டும் தட்டையாவே இருக்கட்டும். தேக்கு வெனீர், ரேகை செங்குத்தா, எல்லா ஷட்டரும் ஒரே கட்டுலேர்ந்து வரிசை நம்பர் போட்டு வெட்டினது. ஓரத்துக்கு 2 மில்லி மரப் பட்டி. டபிள்யூ.பி.சி. சிங்க் அடியில மட்டும் போடுங்க. மத்த இடத்துல 2 அடிக்கு மேல தட்டு தொங்கும், ஸ்க்ரூவைத் திரும்பத் திரும்பக் கழட்டினா பிடி போயிடும், அடுப்புச் சூட்டுல வளையும்.

பதில் 8 – முத்தம்_வீடு

மூணு உயரத்துலயும் பாலிதீன் ஒட்டினேன். மாடியில எங்கேயும் சுவர்ப் பக்கம் ஈரம் இல்ல. சமையலறையில ஒரு அடி, மூணு அடித் தாள்ல சுவர்ப் பக்கம் முத்து முத்தா இருக்கு, அஞ்சு அடியில இல்ல. அப்போ கடப்பாவைச் சுவரோட ஒட்டிப் பதிக்கலாமா?

பதில் 9 – சுண்ணாம்புக்காரை

கடப்பா பதியலாம், கல்லுக்கு ஓதத்தால் கேடில்லை. ஆனால் தட்டுகளின் பின் ஓரத்தைச் சுவரோடு சிமெண்டால் முழுக்க அடைக்காமல் அரை இன்ச் விடுங்கள், செங்குத்துப் பலகைகள் மட்டும் சுவரைத் தொடட்டும். சிங்க் பகுதியில் மட்டும் அந்த இடுக்கை அடைத்துவிடலாம், இல்லையென்றால் கரப்பான் அங்கேதான் குடியேறும். மரச் சட்டத்தின் இரு கோடிகள் பக்கச் சுவரைத் தொடும் இடத்தில் 3 மில்லி பி.வி.சி. பட்டை ஒன்றை இடையில் வையுங்கள். மூன்றடி வரை ஓதம் இருப்பதால் உதிர்ந்த காரையை இப்போதே சுரண்டிவிட்டு, சுண்ணாம்பு பூசி, குறைந்தது ஒரு மாதம் காயவிட்டுப் பிறகு கல்வேலையைத் தொடங்குங்கள். மரத்தை அந்த ஒரு மாதமும் வீட்டுக்குள்ளேயே, ரீப்பர் (மெல்லிய மரக்கட்டை) வைத்து இடைவெளி விட்டு அடுக்கி வையுங்கள். உங்கள் வீட்டுக் காற்றின் ஈரத்துக்கு அது பழகிவிடும்.